எடைக் குறைப்பு ஆபரேஷன்: பேக்கேஜ் தொகைக்குள் என்னதான் அடக்கம்?

கேள்வி: 4 மார்ச் 2024

என் அக்காவுக்கு 41 வயது. உயரம் 160 செ.மீ., எடை 110 கிலோ. சர்க்கரை, ரத்த அழுத்தம், குறட்டை மூன்றும் உண்டு. ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். பேக்கேஜ் என்று ஒரு தொகை சொன்னார்கள். இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். நல்ல வயிற்றில் முக்கால் பாகத்தை வெட்டி எறிவது பைத்தியக்காரத்தனம், வாயைக் கட்டினால் போதும் என்பது என் கட்சி. அக்கா கேட்பதாக இல்லை. செய்துகொண்டவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

4 மார்ச்

செய்துகொண்டவள் எழுதுகிறேன். ஸ்லீவ்தான். சில வருஷம் ஓடிவிட்டது.

முதலில் தள்ளுபடி. தேதி குறித்துத் தள்ளுபடி தருகிற இடத்தில் முன்பணம் கட்டவே கட்டாதீர்கள். உயிர் போகிற அவசரத்தில் செய்கிற ஆபரேஷன் இல்லை இது. இரண்டு மாதம் தள்ளிப்போனால் அக்காவுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அதற்குள் செய்ய வேண்டிய பரிசோதனைகளே நிறைய இருக்கின்றன.

அடுத்து, வாயைக் கட்டுவது. இதை அக்காவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? அவர் கட்டாமலா இருந்திருப்பார்? நானும் கட்டியவள்தான். பத்து கிலோ போகும், பன்னிரண்டாகத் திரும்பி வரும். எடை இறங்க இறங்க உடம்பு தான் எரிக்கிற கலோரியைக் குறைத்துக்கொள்கிறது, பசியைக் கூட்டுகிறது. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுப்பதும் அந்தப் பகுதியைத்தான். வயிறு சின்னதாவதால் மட்டும் எடை குறைவதில்லை, பசியே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. முதல் சில மாதம் எனக்குப் பசி என்பதே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன்.

முக்கால் பாகம் என்று நீங்கள் சொன்னது சரிதான். 75 முதல் 80 சதவீதம் போய்விடும். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. அந்த பயம் நியாயமானது.

4 மார்ச், இரவு

தகுதி பற்றிச் சொல்ல விட்டுப்போனது. 1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு ஒரு கோடு கிழித்தது: பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 40, அல்லது 35-உடன் சர்க்கரை மாதிரி கூடவே ஒரு நோய். முப்பது வருஷம் அதுதான் வேதம். 2022-இல் எடைக் குறைப்பு அறுவை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து கோட்டைக் கீழே இறக்கின. 35 இருந்தாலே போதும், கூட நோய் வேண்டியதில்லை. சர்க்கரை இருந்தால் 30-இலேயே யோசிக்கலாம். ஆசிய உடல்வாகில் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் அவர்களுக்கு 27.5.

அக்காவின் பிஎம்ஐ 43. பழைய கோட்டின்படி பார்த்தாலும் தகுதி உண்டு. பல காப்பீட்டு நிறுவனங்கள் இன்னும் அந்தப் பழைய கோட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதால் இது முக்கியம்.

6 மார்ச்

"60, 70 சதவீதம் எடை குறையும்" என்று விளம்பரத்தில் பார்த்ததாக ஒருவர் கேட்டிருக்கிறார். 110 கிலோவில் 70 சதவீதம் போனால் ஆள் எங்கே இருப்பார்?

அது மொத்த எடையில் சதவீதம் இல்லை, "அதிகப்படி எடையில்" சதவீதம். அக்காவின் உயரத்துக்கு பிஎம்ஐ 25 என்றால் 64 கிலோ. மீதி 46 கிலோ அதிகப்படி. அதில் 60 சதவீதம் என்றால் சுமார் 28 கிலோ. அதையே மொத்த எடையில் சொன்னால் 25 சதவீதம்தான். இரண்டும் ஒரே 28 கிலோ, எந்த எண்ணைப் பெரிதாக அச்சடிப்பது என்பது மட்டும்தான் வித்தியாசம். அக்கா 82, 83-க்கு வந்து நிற்பார். பிஎம்ஐ அப்போதும் 32. ஒல்லியாகிவிடுவோம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். முழங்கால் வலி குறையும், மூச்சு வாங்காமல் மாடி ஏறலாம், தூக்கம் திரும்பி வரும். அதற்காகத்தான் என்றால் போகலாம்.

7 மார்ச்

சாவு பற்றி நேரடியாகவே கேட்டுவிட்டீர்கள், நல்லது.

2009-இல் அமெரிக்காவில் 10 மையங்களைச் சேர்த்து நடந்த ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம், ஆயிரத்துக்கு மூன்று பேர். இப்போது நல்ல மையங்களில் அதைவிடக் குறைவு. பித்தப்பை ஆபரேஷனோடும் மூட்டு மாற்று ஆபரேஷனோடும் வைத்துப் பேசுகிற அளவுதான். சுத்தமாக அபாயமே இல்லை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பயப்பட வேண்டிய முக்கியமான இரண்டு: லீக், ரத்தக் கட்டி. ஸ்லீவில் நீளமாக ஸ்டேப்பிள் போட்ட கோட்டில் எங்காவது, பெரும்பாலும் உணவுக்குழாய் சேரும் மேல்முனையில், கசிந்தால் அதுதான் லீக். நூற்றில் ஒருவருக்கு என்ற கணக்கில் வருகிறது. பல சமயம் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். காய்ச்சல் வருவதற்கு முன்பே நாடித்துடிப்பு ஏறிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 120-ஐத் தாண்டினாலோ, இடது தோள்பட்டையில் காரணமில்லாத வலி வந்தாலோ "கேஸ்" என்று விட்டுவிடாதீர்கள். வண்டி பிடித்துப் போங்கள். ரத்தக் கட்டி காலில் உருவாகி நுரையீரலுக்குப் போகும். அதைத் தடுக்கத்தான் ஆபரேஷன் சமயத்தில் வயிற்றில் போடுகிற சின்ன ஊசி, அதற்குத்தான் ஆபரேஷன் அன்றைக்கே எழுப்பி நடக்க விடுவது. நர்ஸ் என்னை எழுப்பியபோது மனசுக்குள் திட்டினேன். ஒரு கையில் டிரிப்ஸ் கம்பி, இன்னொரு கையில் கவுனின் பின்பக்கம், அந்தக் கோலத்தில் வராந்தாவில் ஊர்வலம்.

புகை பிடிப்பவர் என்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும். எந்த ஆபரேஷன் என்றாலும் சரி.

11 மார்ச்

செலவு. இதைத்தான் முதலில் கேட்டீர்கள், நான்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். தொகை சொல்லப்போவதில்லை, இடத்துக்கு இடம் மாறும். தாளை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், தியேட்டர், அறை எல்லாவற்றுக்கும் நேரே ஒரு எண் இருந்தது. கீழே ஒரு வரிக்கு நேரே மட்டும் எண் இல்லை. "ஸ்டேப்ளர் மற்றும் உபயோகப் பொருட்கள்: பயன்படுத்தியபடி." அந்த ஒரு வரிதான் பில்லை மாற்றும். லேப்ராஸ்கோப்பி ஸ்டேப்ளர் ஒரே அழுத்தில் வெட்டவும் செய்யும், இரு பக்கமும் தைக்கவும் செய்யும். ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு கார்ட்ரிட்ஜ், ஒரு தடவைதான் உபயோகம். ஸ்லீவுக்கு ஐந்தாறு போகும். இரைப்பைச் சுவர் தடிமனாக இருந்தால் வேறு வகை வேண்டும். எத்தனை கார்ட்ரிட்ஜ் வரை பேக்கேஜில் அடக்கம் என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் என்னை விசித்திரமாகப் பார்த்தாள், ஆனால் உள்ளே போய்க் கேட்டு வந்தாள். எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த கேள்வி: லீக் ஆனாலோ ரத்தம் கசிந்தாலோ திரும்ப உள்ளே போனால் அந்தச் செலவு யாருடையது? ஐசியூ எத்தனை நாள் சேர்த்தி? இந்த இடத்தில் பதில் வழவழவென்று வந்தால் அந்தப் பேக்கேஜுக்கு அர்த்தமே இல்லை. ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தால் எந்த இடமானாலும் கிட்டத்தட்ட சொன்ன பணம்தான் ஆகும். சிக்கலானால்தான் குடும்பமே சாயும்.

வெளிநாட்டில் மலிவாகச் செய்து வருகிறவர்களும் இதைத்தான் யோசிப்பதில்லை. லீக் தெரியவரும்போது நீங்கள் ஊரில், மருத்துவர் அங்கே. உள்ளூரில் வேறொருவர் போட்ட தையலைத் தொட யாரும் முந்தி வரமாட்டார்கள். போதாததற்கு, ரத்தக் கட்டி பயம் இருக்கிற சமயத்தில் நீண்ட விமானப் பயணம்.

தாளில் வராதவை: முன்பரிசோதனைகள் (எண்டாஸ்கோப்பி, இதயம், தூக்கப் பரிசோதனை), உணவியல் நிபுணர், மனநல ஆலோசகர். அப்புறம் சத்து மாத்திரைகள், ஆயுளுக்கும். வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் வரும், அதைத் தடுக்க ஆறு மாதம் ஒரு மாத்திரை தருவார்கள், மீறி வந்தால் அதற்கொரு ஆபரேஷன். தொங்கும் தோல் தனிக் கதை. எனக்கு மேல்கையிலும் அடிவயிற்றிலும். மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகும். தோலை வெட்டித் தைப்பதை அழகு சிகிச்சை என்று காப்பீடு பெரும்பாலும் தள்ளிவிடும். நான் செய்துகொள்ளவில்லை. முழுக்கை ரவிக்கை வாழ்க.

12 மார்ச்

"பயமுறுத்துகிறீர்கள்" என்று ஒருவர். மறுபக்கமும் எழுதுகிறேன். எனக்கு ரத்த அழுத்த மாத்திரை நின்றது. குறட்டைக்காக ராத்திரி முகமூடி மாட்டித் தூங்குகிற மெஷின் பரணுக்குப் போனது. சர்க்கரை மாத்திரைச் செலவு இருந்த இடத்தில் வைட்டமின் செலவு வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

19 மார்ச்

ஸ்லீவா பைபாஸா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் கதையைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

ஸ்லீவ் ஒரு தனி ஆபரேஷனாகப் பிறந்ததே இல்லை. மிக அதிக எடையுள்ளவர்களுக்குப் பெரிய ஆபரேஷனை இரண்டு கட்டமாகப் பிரித்து, முதல் கட்டமாக இதைச் செய்தார்கள். பலருக்கு அதிலேயே எடை நன்றாக இறங்கிவிட்டது, இரண்டாம் கட்டம் தேவைப்படவில்லை. இன்று உலகத்தில் அதிகம் நடப்பது ஸ்லீவ்தான். பைபாஸ் மூத்தது. அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966-இல் தொடங்கியது. இரைப்பையின் மேல்முனையில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலைத் தூக்கி வந்து அதில் இணைப்பார்கள். மீதி இரைப்பையை எடுப்பதில்லை, உணவு வராமல் உள்ளேயே சும்மா கிடக்கும்.

ஸ்லீவ் சுலபம், குடலைத் தொடுவதில்லை என்று என்னிடம் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அகலமான பையை நெருக்கமான குழாயாக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். அமிலம் மேலே வரும். எனக்கு முதல் வருஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி தூக்கத்தில் தொண்டை எரிந்து இருமிக்கொண்டே எழுந்தேன். அன்றிலிருந்து கட்டிலின் தலைமாடு மரக்கட்டை வைத்து உயர்ந்தது, வெறும் வயிற்றில் அமில மாத்திரை நிரந்தரமானது. பின்லாந்தில் இரண்டு ஆபரேஷனையும் ஒப்பிட்டுப் பத்து வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம். எடை பைபாஸில் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்தது.

அப்படியானால் பைபாஸ்தானா? அதற்கும் வில்லங்கம் உண்டு. இணைப்பு இடத்தில் புண் வரலாம். உள்ளே உண்டாகும் இடைவெளியில் குடல் நழுவி அடைத்துக்கொள்ளலாம், வருஷங்கள் கழித்துக்கூட. இனிப்பைச் சாப்பிட்டால் படபடப்பு, வேர்வை, வயிற்றுப்போக்கு. இரும்பும் பி12-ம் இன்னும் மோசமாகக் குறையும். இன்றைக்கு எனக்குத் தேர்வு கொடுத்தால்? காலையில் கேட்டால் ஸ்லீவ் என்பேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டால் பைபாஸ்.

அக்காவுக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். எண்டாஸ்கோப்பி பார்க்காமலே ஸ்லீவ் என்று முடிவு செய்திருந்தால் இன்னொரு மருத்துவரிடம் போங்கள்.

20 மார்ச்

மரக்கட்டையின் அளவு கேட்டவருக்கு: அரை அடி போதும். அதற்கு மேல் வைத்தால் விடிவதற்குள் கால்மாட்டில் இருப்பீர்கள்.

2 ஏப்ரல்

"இனி யார் ஆபரேஷன் செய்வார்கள், ஊசிதான் வந்துவிட்டதே." நியாயமான கேள்வி. செமாகுளூடைட் என்ற எடைக் குறைப்பு ஊசியில் 68 வாரத்தில் சராசரி 15 சதவீத எடை போனது. டிர்செபடைட் என்ற இன்னொரு ஊசியின் அதிகபட்ச அளவில் 72 வாரத்தில் 20-ஐத் தொட்டது. ஆபரேஷன் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் செமாகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஊசிக்கு மாதாமாதம் காசு, நிறுத்தாத வரை. அக்காவின் பிஎம்ஐக்கு நான் ஆபரேஷன் பக்கம்தான் சாய்வேன். 32, 33 இருப்பவர் என்றால் ஊசியை முதலில் பார்க்கச் சொல்வேன்.

ஒன்று: ஊசி போட்டுக்கொண்டிருப்பவர் எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வயிறு காலியாகத் தாமதமாகும்.

9 ஏப்ரல்

சர்க்கரை "நிரந்தரமாகப் போய்விடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு சுலபம் இல்லை. ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே, எடை இறங்குவதற்கு முன்பே, சர்க்கரை இறங்கும் என்பது உண்மை. குடல் ஹார்மோன்கள் மாறுவதால் நடப்பது அது. 150 பேரை வைத்து நடந்த ஸ்டாம்பீட் ஆய்வில், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள் முதல் வருஷம் பைபாஸில் 42 சதவீதம், ஐந்தாம் வருஷம் 29 சதவீதம். ஸ்லீவில் 37, பிறகு 23. மருந்து மட்டும் எடுத்தவர்களில் ஐந்தாம் வருஷம் 5. ஆக மருந்தைவிட எவ்வளவோ மேல், ஆனால் பலருக்குத் திரும்பி வருகிறது. சர்க்கரை வந்து ரொம்ப வருஷம் ஆனவர்களுக்கும், இன்சுலின் போடுகிறவர்களுக்கும் போவது கஷ்டம்.

ஆயுள் கணக்கும் அப்படித்தான். 1987-இல் தொடங்கிய சுவீடன் ஆய்வில் ஆபரேஷன் செய்தவர்கள் செய்யாதவர்களைவிடச் சராசரியாக மூன்று வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்கள். பொது மக்களைவிட ஐந்தரை வருஷம் குறைவாக. விளம்பரத்தில் முதல் பாதி மட்டும்தான் வரும்.

27 ஏப்ரல்

அக்கா வேறிடத்தில் பார்த்து, எண்டாஸ்கோப்பியில் உணவுக்குழாய்ப் புண் தெரிந்து, பைபாஸ் என்று முடிவாகியிருக்கிறதாம். தள்ளுபடி போனால் போகட்டும்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் திரவ உணவு. அது கல்லீரலைச் சுருக்குவதற்கு. கொழுப்பேறிய கல்லீரல் இரைப்பையை மறைத்துக்கொண்டிருக்கும், தூக்கிப் பிடிக்கக் கஷ்டம். அக்கா திருட்டுத்தனமாகச் சாப்பிட்டால் அவஸ்தை மருத்துவருக்கு, ஆபத்து அக்காவுக்கு. சர்க்கரை மாத்திரை எதை எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். சில வகைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

பிறகு 30 மில்லி மருந்துக் கிண்ணத்தில் தண்ணீர். அதைக் குடித்து முடிக்கவே கால்மணி நேரம் ஆகும். வாரக்கணக்கில் திரவம், கூழ், மென்மையானது, கெட்டியானது என்று ஏறும். புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. மெல்லாமல் விழுங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லிப் புரியாது. ஒரு கல்யாணப் பந்தியில் காய்ந்த கோழித்துண்டு ஒன்று நெஞ்சுக்குழியில் நின்றுவிட்டது. வாயெல்லாம் நுரைத்த எச்சில், விழுங்கவும் முடியாது, பேசவும் முடியாது. கைக்குட்டையோடு வெளியே ஓடினேன். வாந்தியெடுத்ததும் சரியாகிவிட்டது, பசிதான் திரும்பவில்லை.

வாந்தி என்றதும் ஞாபகம் வருகிறது. எப்போதாவது ஒன்று பரவாயில்லை. நாள் கணக்கில் நிற்காத வாந்தி என்றால் உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்துவிடும், மூளையைப் பாதிக்கும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது இரண்டும் ஆபத்து அறிகுறி. அவசரப் பிரிவில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 போட வேண்டும். நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லா இளம் மருத்துவருக்கும் அந்த நேரத்தில் இது நினைவுக்கு வராது.

கால்சியம் சிட்ரேட்டாக இருக்கட்டும், கார்பனேட் வேண்டாம். அமிலம் குறைந்த வயிற்றில் அது சரியாகச் சேராது. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடவும்.

28 ஏப்ரல்

அக்கா குழந்தை பற்றிக் கேட்டதாகச் சொன்னீர்கள். எடை இறங்கும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், எதிர்பாராமல் கரு தங்கிவிடலாம். 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். பைபாஸில் கருத்தடை மாத்திரையை நம்பக்கூடாது, வேறு வழி கேட்கட்டும். கர்ப்ப காலத்தில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனையும் ஒத்துக்கொள்ளாது. வீட்டில் விரலில் குத்திப் பார்ப்பதே நல்லது.

குடிப்பழக்கம் பற்றித் தனிச் செய்தியில் கேட்டவருக்கும் இங்கேயே: பைபாஸுக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலும் சட்டென்று ஏறும். இரண்டாம் வருஷத்தில் குடிக்கு அடிமையாவோர் அதிகரிப்பதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். சாப்பாட்டில் ஆறுதல் தேடியவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடுகிறது, வேறு கதவைத் தட்டுகிறார்கள். மனநல ஆலோசனையைச் சடங்காக நினைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

15 செப்டம்பர்

ஆபரேஷன் முடிந்து நாலு மாதம், அக்கா நலம், முடி கொத்துக் கொத்தாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை அப்படித்தான். குளியலறைத் தண்ணீர் போகும் சல்லடையில் கைப்பிடி முடியைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன். வேர் சாகவில்லை, திரும்ப முளைக்கும். எண்ணெயும் ஷாம்பும் வாங்கிக் காசைக் கரியாக்காமல் புரதம், இரும்பு, துத்தநாகம் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

பல்வலிக்கு மாத்திரை போடலாமா என்று கேட்டதற்கு: பாரசிட்டமால் போடலாம். டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் வகை பைபாஸ் செய்தவருக்கு ஆகவே ஆகாது, இணைப்பில் புண் வரும். பல் மருத்துவர் பழக்கத்தில் அதைத்தான் எழுதுவார். ஒரு அட்டையில் ஆபரேஷன் பெயர், தேதி, இந்த மாத்திரை கூடாது, மூக்கு வழியாகக் குழாயை கண்மூடித்தனமாக உள்ளே விடக்கூடாது என்று எழுதிப் பர்ஸில் வைக்கச் சொல்லுங்கள்.

எம்ஆர்ஐ எடுக்கலாம். உள்ளே இருக்கும் ஸ்டேப்பிள் டைட்டானியம், ஒன்றும் ஆகாது. விமான நிலையத்தில் கத்துமா என்று மாமா பயப்படுகிறாரா? கத்தாது.